புற்றுநோய் ஆய்வில் போஸ்ட்டாக்: புறப்படும் பிள்ளைகளுக்கு

தீசிஸைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் வந்தால் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: “சார், போஸ்ட்டாக் எங்கே போகலாம்?” எங்கே என்பதற்கு முன்னால் எதற்கு என்பதை முடிவு செய்யுங்கள் என்பதுதான் என் பதில். பி.எச்டி.யில் கேள்வியைக் கைடு கொடுத்தார், நீங்கள் விடை தேடினீர்கள். போஸ்ட்டாக் முடிந்து வெளியே வரும்போது உங்கள் கையில் உங்களுக்கே சொந்தமான ஒரு கேள்வி இருக்க வேண்டும். எந்த நாடு, எந்த லேப், எவ்வளவு சம்பளம் என்பதையெல்லாம் இதை வைத்தே எடை போடுங்கள்.

1. வைவா முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தீசிஸ் பரிசோதகர்களுக்குப் போய், அறிக்கை திரும்பி வந்து, வைவாவுக்குத் தேதி குறித்து, ப்ரொவிஷனல் கைக்கு வருவதற்குள் மாதக்கணக்கில் ஆகிவிடுகிறது. சினாப்சிஸ் கொடுக்கும்போதே தேடத் தொடங்குங்கள். பட்டம் வாங்கிய நாளிலிருந்து இன்னொரு கணக்கும் ஓடுகிறது. பட்டம் பெற்று எம்போ ஃபெல்லோஷிப்புக்கு இரண்டு ஆண்டுக்குள், ஜெர்மனியின் ஹம்போல்ட்டுக்கு நான்கு ஆண்டுக்குள், ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ்.ஸுக்கு ஆறு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பழைய லேபிலேயே ப்ராஜெக்ட் வேலையில் இரண்டு வருடம் ஓட்டிவிட்டு வருகிற பிள்ளைக்கு முதல் கதவு மூடியிருக்கும்.

2. கேள்வியை எழுதிப் பாருங்கள். ஒரே பக்கம், தமிழில் எழுதினாலும் சரி. ‘கேன்சர் பயாலஜியில் ஆர்வம்’ என்பது கேள்வி ஆகாது. வாய்ப்புற்று வந்தவர்களில் சிலருக்குக் கழுத்து நிணநீர்க் கணுவுக்குப் பரவுகிறது, சிலருக்குப் பரவுவதில்லை, ஏன் என்பது கேள்வி. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஹெர்பிஸ் வைரஸ்தான் காரணமாக இருக்கும் என்று பலர் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஹெரால்ட் சூர் ஹவுசன் பாப்பிலோமா வைரஸைச் சந்தேகித்தார். 1983-இல் எச்.பி.வி.-16, மறு ஆண்டு எச்.பி.வி.-18 என்று அவருடைய குழு அடையாளம் கண்டது. 2006-இல் தடுப்பூசி வந்தது, 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இத்தனைக்கும் தொடக்கம், மற்றவர்கள் கேட்காத கேள்வியைப் பல ஆண்டுகள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

துறை மாறுவதற்கும் தயங்க வேண்டாம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1976-இல் பி.எச்டி. வாங்கியது இயற்பியலில். அதற்குப் பிறகு உயிரியலை மாணவராக உட்கார்ந்து படித்து, யேல் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக்காகச் சேர்ந்து ரைபோசோமுக்குள் நுழைந்தார். அதன் பிறகும் ஆசிரியர் வேலைக்கு அமெரிக்காவில் ஏறக்குறைய ஐம்பது இடங்களுக்கு எழுதி எங்கும் கிடைக்காமல் இருந்தவர் அவர். கணினியோ புள்ளியியலோ படித்துவிட்டுப் புற்றுநோய் ஆய்வுக்கு வர நினைக்கும் பிள்ளைகளை இன்று பல லேப்கள் தேடிக்கொண்டிருக்கின்றன. இப்படி மாறுபவர்களுக்கென்றே ஹியூமன் ஃபிரான்டியர் சயன்ஸ் புரோகிராம் ஃபெல்லோஷிப் இருக்கிறது. நாடு மாற வேண்டும், ஆய்வின் திசையும் மாற வேண்டும் என்பதே அதன் நிபந்தனை.

3. நிறுவனத்தின் பெயரைவிட லேப் தலைவரைப் பாருங்கள். அவரிடமிருந்து போன போஸ்ட்டாக்குகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடுங்கள். அவர்களில் இருவரிடமாவது பேசுங்கள். மின்னஞ்சலில் யாரும் மனம் திறந்து எழுத மாட்டார்கள், பேச்சில் சொல்வார்கள். “வெளியே போகும்போது உங்கள் ப்ராஜெக்டில் எதைக் கையோடு எடுத்துப்போக விட்டார்?” என்று கேளுங்கள். பதில் வருவதற்குள் நேரும் தயக்கமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

இங்கே ஒரு வரலாறு சொல்ல வேண்டும். டொமினிக் ஸ்டெஹெலின் பிரான்ஸிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு, மைக்கேல் பிஷப்பும் ஹெரால்ட் வார்மஸும் நடத்திய ஆய்வில் சேர வந்தவர். கோழிக்குப் புற்று உண்டாக்கும் ரௌஸ் சார்க்கோமா வைரஸில் சார்க் என்றொரு மரபணு உண்டு. வைரஸ் அண்டாத சாதாரணப் பறவைச் செல்லிலும் அந்த மரபணு இருக்கிறது என்று காட்டிய பரிசோதனைகளைத் தன் கையால் செய்தவர் அவர்தான். புற்றுநோய் வெளியிலிருந்து வருவது மட்டுமல்ல, நம் மரபணுவே தடம் மாறினாலும் வரும் என்ற புரிதல் அங்கிருந்து வந்தது. 1976-இல் நேச்சர் இதழில் வெளியான கட்டுரையில் முதல் பெயர் ஸ்டெஹெலினுடையது. 1989-இல் நோபல் பரிசு பிஷப்புக்கும் வார்மஸுக்கும் மட்டும் கிடைத்தது. ஸ்டெஹெலின் பகிரங்கமாக எதிர்த்தார், முடிவு மாறவில்லை.

நியாயம் யார் பக்கம் என்பதில் எனக்குத் தெளிவான தீர்ப்பு இல்லை. ஆனால் அதே வார்மஸும் 1970-இல் பிஷப்பிடம் போஸ்ட்டாக்காகச் சேர்ந்தவர்தான் என்பதையும் பாருங்கள். அவர் சில ஆண்டுகளிலேயே சமபங்காளி ஆகிவிட்டார். கையால் செய்த வேலையோடு யோசனையும் உங்களுடையது என்றால், அது எழுத்தில் இருக்கட்டும். குழுக் கூட்டத்தில் சொன்னதை அன்றே தேதியோடு நோட்டில் எழுதி, லேப் தலைவருக்கு ஒரு மின்னஞ்சலும் போட்டுவிடுங்கள். இது சண்டைக்கான ஏற்பாடு இல்லை. நல்ல தலைவர் இதை வரவேற்பார்.

4. கடிதம். ‘மதிப்பிற்குரிய ஐயா, நான் கடின உழைப்பாளி, உங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் வாய்ப்புத் தர வேண்டுகிறேன்’ என்று நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள். ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருடைய கட்டுரைகளிலும் மூன்றைப் படியுங்கள். கடிதம் இப்படி ஆரம்பிக்கட்டும்: ‘உங்கள் சமீபத்திய கட்டுரையின் நான்காம் படத்தில், மருந்து கொடுத்த பிறகும் ஒரு சிறு பகுதிச் செல்கள் பிழைத்திருக்கின்றன. அவை முன்பே இருந்தவையா, மருந்துக்குப் பின் மாறியவையா என்று அறிய இந்தப் பரிசோதனையைச் செய்யலாமா?’ மீதி விவரம் பத்து வரிக்குள் முடியட்டும். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள்.

சிபாரிசுக் கடிதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். “நீயே எழுதிக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடுகிறேன்” என்று சொல்லும் கைடுகள் நம்மிடம் நிறைய. நீங்களே எழுதினால் மூன்று கடிதமும் ஒரே குரலில் இருக்கும், படிப்பவர் உடனே கண்டுகொள்வார். அதற்குப் பதிலாக நீங்கள் செய்த வேலை, பட்ட சிரமம், சரிசெய்த விதம் இவற்றைக் குறிப்பாக எழுதிக் கொடுத்து, கடிதத்தை அவரையே எழுதச் சொல்லி வேண்டுங்கள். உங்கள் டாக்டரல் கமிட்டியில் உங்களைக் குறுக்குக் கேள்வி கேட்டுத் திணறடித்தவரிடமும் ஒன்று வாங்குங்கள். அவர் சொல்லும் நல்ல வார்த்தைக்கு மதிப்பு அதிகம்.

5. சொந்தப் பணத்தோடு போங்கள். லேப் தலைவரின் மானியத்தில் சம்பளம் வாங்கினால் அந்த மானியத்தில் எழுதியிருக்கும் வேலையைத்தான் செய்ய முடியும். உங்கள் பெயரில் ஃபெல்லோஷிப் இருந்தால் உங்கள் கேள்விக்கு இடம் கிடைக்கும். இந்தியா எம்போவின் இணை உறுப்பு நாடு, அதனால் நம்மவர்களுக்கும் அங்கே வழி இருக்கிறது. முதல் ஆசிரியராக ஒரு கட்டுரையாவது வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெல்லோஷிப்புக்கு, போகவிருக்கும் நாட்டில் முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. அமெரிக்காவில் என்.ஐ.எச். தரும் எஃப்-32 ஃபெல்லோஷிப் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பு உள்ளவர்களுக்கும் மட்டுமே. கே-99 மானியம் மற்றவர்களும் விண்ணப்பிக்கக்கூடியது, ஆனால் போஸ்ட்டாக் அனுபவம் நான்கு ஆண்டைத் தாண்டியிருக்கக் கூடாது. இதை ஐந்தாம் ஆண்டில் தெரிந்துகொண்டு வருந்துகிறவர்கள் உண்டு. சேர்ந்த முதல் மாதமே நாள்காட்டியில் குறித்துவையுங்கள்.

2025-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் (என்.ஐ.எச்.) மானியங்கள் பல நடுவிலேயே நிறுத்தப்பட்டன. அமெரிக்கா ஒன்றையே நம்பி உட்கார்ந்திருப்பது இனிச் சரிப்படாது. லண்டனின் ஃபிரான்சிஸ் கிரிக், ஹைடல்பர்க்கின் டி.கே.எஃப்.இசட். போன்ற இடங்களையும் அதே கவனத்தோடு பாருங்கள்.

6. இந்தியாவில் செய்தால் இரண்டாம் தரம் என்ற எண்ணத்தை விடுங்கள். நவி மும்பை கார்கரில் டாடா மெமோரியலின் ஆக்ட்ரெக், ஹைதராபாத்தில் சி.சி.எம்.பி., திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம், பெங்களூரில் ஐ.ஐ.எஸ்சி. என்று இடங்கள் இருக்கின்றன. டி.பி.டி. ரிசர்ச் அசோசியேட்ஷிப், முன்பு செர்ப் நடத்தி இப்போது ஏ.என்.ஆர்.எஃப்.இடம் வந்திருக்கும் தேசிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப், ஐ.சி.எம்.ஆர்., சி.எஸ்.ஐ.ஆர். திட்டங்கள் என்று வழிகளும் பல. இந்தியா அலையன்ஸின் தொடக்கநிலை ஃபெல்லோஷிப் ஐந்தாண்டுக்கானது, போட்டி கடுமை.

உலகில் வாய்ப்புற்றுச் சுமை மிக அதிகமாக உள்ள நாடுகளில் நம்முடையதும் ஒன்று. நோயாளிகள் இங்கே இருக்கிறார்கள். 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1981-லிருந்து சென்னை நகரின் புற்றுநோய்ப் பதிவேடு நடந்துவருகிறது. இவ்வளவு நீண்ட பதிவு எத்தனையோ நாடுகளில் இல்லை. ஆய்வுக்கூடம் பிடிக்காமல் பொதுச் சுகாதாரத்தை விரும்பும் பிள்ளைகளுக்குத் திண்டுக்கல் மாவட்ட ஆய்வைப் படிக்கச் சொல்வேன். அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனை, செவிலியர்கள் கற்றுக்கொண்டு செய்தது. கருப்பைவாய்ப் புற்று உண்டாவது 25 சதவீதமும் அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்தது என்று 2007-இல் லான்செட்டில் வெளியானது. பிரான்ஸின் லியோனில் இருக்கும் ஐ.ஏ.ஆர்.சி.யோடு சேர்ந்து நடந்த வேலை அது. அங்கேயும் இளம் ஆய்வாளர்களுக்கு இடம் உண்டு.

7. புது லேபில் முதல் வாரம் பரிசோதனை தொடங்காதீர்கள், செல்லைச் சோதியுங்கள். எம்.டி.ஏ.-எம்.பி.-435 என்ற செல் லைனை உலகமே மார்பகப் புற்று என்று வைத்துப் பல ஆண்டு ஆராய்ந்தது. ஒப்பிட்டுப் பார்த்தபோது அது எம்-14 என்ற மெலனோமா செல் லைனாக இருந்தது. ஃப்ரீசரில் முன்னவர் பேனாவால் எழுதி வைத்த பெயரை நம்ப வேண்டாம், எஸ்.டி.ஆர். சோதனைக்கு அனுப்புங்கள். மைக்கோபிளாஸ்மாவுக்குப் பி.சி.ஆர். போடுங்கள். பாக்டீரியா புகுந்தால் மீடியம் கலங்கிக் காட்டிக்கொடுக்கும். மைக்கோபிளாஸ்மா புகுந்த குடுவை தெளிவாகவே இருக்கும், வழக்கமான மைக்ராஸ்கோப்பிலும் தெரியாது. செல்சுவர் இல்லாததால் பென்சிலினும் அதை ஒன்றும் செய்யாது. உங்கள் முடிவுகள் மட்டும் மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டிருக்கும்.

பேர்பெற்ற புற்றுநோய்க் கட்டுரைகள் 53-இலிருந்து 193 பரிசோதனைகளைத் திரும்பச் செய்து பார்க்க ஒரு குழு புறப்பட்டது. 2021-இல் அவர்களால் முடித்துக் காட்ட முடிந்தது 23 கட்டுரைகளின் 50 பரிசோதனைகள் மட்டுமே. மூல ஆசிரியரைக் கேட்காமல் செய்து பார்க்கும் அளவுக்கு முழுதாக எழுதப்பட்ட செய்முறை, அந்த 193-இல் ஒன்றுகூட இல்லை. உங்கள் நோட்டை உங்களுக்குப் பின்னால் வரும் பிள்ளை பிரித்தால், அவளால் அதே பரிசோதனையைச் செய்ய முடிய வேண்டும்.

8. பெண்பிள்ளைகளுக்குத் தனியாக. திருமணம், பிரசவம், பெற்றோரைப் பார்த்துக்கொள்வது என்று ஆய்வு இடையில் நின்றுபோயிருந்தால் அதை மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள். பல திட்டங்கள் அந்தக் காலத்தைக் கழித்துக் கணக்கிடுகின்றன. தேசிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்பின் 35 வயது வரம்பில் பெண்களுக்கு ஐந்தாண்டு தளர்வு உண்டு. டி.பி.டி.யின் பயோகேர் பெண்களுக்கென்றே உள்ளது.

9. கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். சம்பளம் எவ்வளவு என்பதோடு, எத்தனை ஆண்டுக்கு, புதுப்பிப்பது யார் கையில், மருத்துவக் காப்பீடு குடும்பத்துக்கும் உண்டா என்றும் கேளுங்கள். என்.ஐ.எச். 2024-இல் முதலாண்டு போஸ்ட்டாக்குக்கு வைத்த அளவு ஆண்டுக்கு 61,008 டாலர். ரூபாயில் பெரிதாகத் தெரியும் அந்தத் தொகை, பாஸ்டனில் இரண்டு அறை வீட்டு வாடகைக்கு முன்னால் அவ்வளவு பெரிதில்லை. ஜே-1 விசாவில் போனால் துணைவர் அனுமதி பெற்று வேலை பார்க்கலாம். எச்-1பி துணைவர்கள் பெரும்பாலோருக்கு அந்த வழி இல்லை. கல்யாணமானவர்கள் இதை வீட்டில் உட்கார்ந்து இருவருமாகப் பேசி முடிவு செய்ய வேண்டும்.

10. கிளம்பும் முன் தீசிஸிலிருந்து வர வேண்டிய கட்டுரையை அனுப்பிவிடுங்கள். புது லேபுக்குப் போன பிறகு பழைய வேலைக்கு நேரம் கிடைக்காது, கைடும் அடுத்த மாணவரிடம் போய்விடுவார். ஃப்ரீசர் பட்டியல், பிரைமர் வரிசைகள், மூலத் தரவு எல்லாவற்றையும் ஜூனியரிடம் ஒப்படைத்து, அவர் பக்கத்தில் நின்று ஒருமுறை செய்து காட்டுங்கள். ப்ரொவிஷனல் சான்றிதழை இரண்டு நகல் எடுத்து அட்டெஸ்ட் செய்து ஒன்றை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். விசா அலுவலகமோ பல்கலைக்கழகமோ அதைத் திடீரென்று கேட்கும், அப்போது ஊரிலிருந்து அனுப்ப ஆள் வேண்டும்.