இது எப்படி வந்தது?: இரு மரங்களுக்கு நடுவே ஒரு படுக்கை

கேள்வி: மரத்துக்கு மரம் துணியைக் கட்டிப் படுக்கிறார்களே, அந்த ஹேமக்கைக் கண்டுபிடித்தது யார்?

பதில்: தனி ஆள் ஒருவரைக் காட்ட முடியாது. கரீபியன் தீவுகளிலும் தென் அமெரிக்காவின் வெப்பக் காடுகளிலும் வாழ்ந்த பழங்குடி மக்கள் தந்த பொருள் இது. பருத்தியும் மரநாரும் ஈர மண்ணில் மக்கிவிடும். அதனால் மண்ணைத் தோண்டி இதன் வயதைச் சொல்வது கடினம். ஐரோப்பியர் எழுத்தில் இது தலைகாட்டும் நாள் மட்டும் தெளிவாகத் தெரியும்: 1492 அக்டோபர் 17. கரை இறங்கி ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், பஹாமாஸ் தீவு ஒன்றின் வீடுகளுக்குள் பருத்தி நூலால் ஆன வலை போன்ற படுக்கைகள் இருப்பதாகக் கொலம்பஸின் குறிப்பேடு சொல்கிறது. அந்த மூலக் குறிப்பேடும் இப்போது இல்லை. பார்த்தலோமே டி லாஸ் காசாஸ் என்ற பாதிரியார் எழுதி வைத்த சுருக்கம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. 1535இல் வெளிவந்த ஓவியேதோ என்ற ஸ்பானியரின் வரலாற்று நூல், மரங்களுக்கு இடையே தொங்கும் ஹேமக்கைப் படமாகவே போட்டுக் காட்டிவிட்டது.

அந்த மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான படுக்கை கிடையாது. தரை எப்போதும் நசநசவென்று ஈரம். எறும்பு, பூரான், பாம்பு எல்லாம் தரையில்தான். வலையில் படுத்தால் இவற்றிலிருந்து தப்பலாம். அடியில் காற்றும் தாராளமாக ஓடும். புழுக்கத்துக்கு அது வரம்.

ஆனால் மழைக்கால இரவில் அதே காற்று உடம்பைக் குளிரவைத்துவிடும். அதற்கும் அவர்களே வழி கண்டிருந்தார்கள். 1550களில் பிரேசிலில் துப்பினம்பா மக்களிடம் கைதியாக இருந்து தப்பி வந்த ஹான்ஸ் ஸ்டாடன் என்ற ஜெர்மானியர், 1557இல் தன் அனுபவத்தைப் புத்தகமாக வெளியிட்டார். பருத்திப் படுக்கையை இரு கம்பங்களில் கட்டி, பக்கத்திலேயே இரவு முழுக்க நெருப்பை அணையாமல் வைத்திருப்பார்கள் என்று அதில் எழுதுகிறார். அடியிலிருந்து ஏறும் குளிர்தான் ஹேமக்கின் ஒரே பெரிய குறை. இன்றைக்குக் கடையில் ஹேமக் சாமான் என்று விற்பதில் விலை கூடிய பொருள் எதற்காக என்று பார்த்தால், இந்தக் குறைக்குத்தான்.

கேள்வி: மாலுமிகள் ஹேமக்கில் தூங்குவதைப் படங்களில் பார்க்கிறோம். அது எப்படிக் கப்பல் ஏறியது?

பதில்: அதுவரை சாதாரண மாலுமிகள் மரத்தளத்தில் கிடைத்த இடத்தில் உருண்டார்கள். ஸ்பானியக் கப்பல்கள் இந்தப் படுக்கையைக் கொண்டுவந்தன. இங்கிலாந்துக் கடற்படை 1597இல் அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. கப்பல் இந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்கம் சாய்ந்தாலும் தொங்கும் படுக்கை நேராகவே நிற்கும். விடிந்ததும் சுருட்டி ஒதுக்கினால் அதே இடத்தில் பீரங்கியை இயக்கலாம்.

வசதியாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஓர் ஆளுக்கு ஒதுக்கிய அகலம் 14 அங்குலம். பாதிப் பேர் காவல் பணிக்குப் போய்விடுவதால் மீதிப் பேருக்கு 28 அங்குலம் கிடைத்தது, அவ்வளவே. போர் நேரத்தில் சுருட்டிய ஹேமக்குகளைக் கப்பல் விளிம்பின் வலைகளுக்குள் வரிசையாக அடுக்கித் துப்பாக்கிக் குண்டுக்குத் தடுப்பாக்கினார்கள். கடலில் இறந்தவரை அவருடைய ஹேமக்கிலேயே வைத்துத் தைத்து, காலடியில் பீரங்கிக் குண்டு சேர்த்து இறக்கினார்கள். வடக்குக் கடலின் குளிருக்கு மாலுமிகள் தேடிய மாற்று நெருப்பு அல்ல. மரக்கப்பலில் அது நடக்காது. ஹேமக்குக்குள் ஒரு மெல்லிய மெத்தையை விரித்துக்கொண்டார்கள்.

கேள்வி: காட்டுக்குள் கூடாரத்துக்குப் பதிலாக ஹேமக் கட்டும் பழக்கம் எப்போது தொடங்கியது?

பதில்: அமேசான் காட்டுக்காரர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். பொழுதுபோக்காக, பையில் மடித்துப் போட்டுக்கொண்டு போகும் பழக்கத்தைக் கேட்டால், அதற்கு ராணுவம் வழி போட்டது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளின் சேற்றுக் காடுகளுக்கு வீரர்களை அனுப்பிய அமெரிக்க ராணுவம், மேலே மழைக்கூரையும் சுற்றிலும் கொசுவலையும் சேர்த்துத் தைத்த ‘ஜங்கிள் ஹேமக்’கை 1942இல் வடிவமைத்தது. வியட்நாம் போரிலோ எதிர்த்தரப்பும் ஹேமக்கில்தான் தூங்கியது. ஹோ சி மின் பாதையில் நடந்த வீரர்களின் முதுகுப் பையில் அது கட்டாயம் இருந்தது.

இன்றைய அலை 1990களின் இறுதியில் கிளம்பியது. கனடாவைச் சேர்ந்த டாம் ஹென்னஸி, கொசுவலையும் தார்ப்பாயும் சேர்ந்த, ஒரு கிலோ சொச்ச எடையுள்ள ஹேமக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1999இல் அமெரிக்காவில் பின்ஹோல்ஸ்டர் சகோதரர்கள் ஈகிள்ஸ் நெஸ்ட் அவுட்ஃபிட்டர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கல்லூரி வளாகங்களில் மரத்துக்கு மரம் வண்ணத் துணி தொங்குவதற்கு அவர்கள் ஒரு முக்கியக் காரணம். வட கரோலினாவின் எட் ஸ்பியர் 2003இல் ஹேமக் கேம்பிங்குக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார்.

இதெல்லாம் அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் வேர் பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை சுமார் 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் நடைபாதையில் தரை சரிவு, வேர், கல், ஈரம். கூடாரம் அடிக்க நாலு அடி சமதளம் கிடைக்காத இடத்திலும் மரத்துக்குப் பஞ்சமில்லை. மேற்கே பாலைவனத்திலும் மரம் வளராத உயரங்களிலும் இந்த வித்தை பலிக்காது.

கேள்வி: அப்படி வளைந்து படுத்தால் முதுகு பிடித்துக்கொள்ளாதா?

பதில்: நீளவாக்கில் படுத்தால் பிடித்துக்கொள்ளும். யாரும் அப்படிப் படுக்கக் கூடாது. கோணலாக, தலை ஒரு பக்க ஓரத்துக்கும் கால் எதிர்ப்பக்க ஓரத்துக்கும் போகும்படி குறுக்கே கிடந்தால் துணி விரிந்து உடம்பு கிட்டத்தட்டத் தட்டையாகிவிடும். தலைமுறை தலைமுறையாக ஹேமக்கிலேயே தூங்கும் வடகிழக்கு பிரேசில் வீடுகளில் குழந்தைகள்கூட இப்படித்தான் படுக்கும்.

இதற்குத் துணி நீளமாக இருக்க வேண்டும். 9 அடிக்கும் குறைவான மலிவு ஹேமக் உட்கார்ந்து அரட்டை அடிக்கச் சரி. இரவு முழுக்கத் தூங்க 11 அடி தேவை. வாங்கும்போது நிறத்தைப் பார்ப்பதற்கு முன் நீளத்தைப் பார்க்க வேண்டும். இரு முனையிலும் கட்டை வைத்து விரித்த தோட்டத்து ஹேமக்கை விளம்பரத்தில் பார்த்து மயங்கவும் வேண்டாம். அது சட்டென்று புரண்டு ஆளைக் கீழே கவிழ்த்துவிடும், சுமப்பதற்கும் ஆகாது.

கேள்வி: நம் ஊர்த் தூளியும் இதுவும் ஒன்றுதானே? தூளி கட்டத் தெரிந்தவருக்கு ஹேமக் கட்ட என்ன கஷ்டம்?

பதில்: துணி ஒன்றுதான், கணக்கு வேறு. தூளியில் சேலையின் இரு முனையையும் சேர்த்து உத்திரத்தில் ஒரே இடத்தில் கட்டுகிறோம். குழந்தையின் எடை நேராகக் கீழே இறங்குகிறது. ஹேமக்குக்கு இரண்டு முனை, இரண்டு மரம். எடை பக்கவாட்டில் இழுக்கத் தொடங்குகிறது. ஈரத் துணி போட்ட கொடிக்கயிற்றை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் தொய்வது இதனால்தான்.

70 கிலோ எடையுள்ளவர் படுத்திருக்கும்போது கட்டுப்பட்டை கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால் ஒவ்வொரு பக்கமும் தாங்குவது 70 கிலோ. இழுத்துக் கட்டி 10 டிகிரி ஆக்கினால் பக்கத்துக்கு 200 கிலோ. 5 டிகிரியில் 400. அழகாகத் தட்டையாகக் கட்டிய ஹேமக் நள்ளிரவில் அறுந்து விழுவதற்கு ஆளின் தொப்பையைக் குறை சொல்லிப் பயனில்லை. அதோடு, இறுகக் கட்டிய துணியில் இரு ஓரமும் எழும்பித் தோளை நெரிக்கும். கோணலாகப் படுக்கவும் முடியாது.

30 டிகிரியை அளக்கக் கருவி வேண்டாம். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் ‘ட’ போல விரித்து, ஆட்காட்டி விரல் கிடைமட்டமாக இருக்கும்படி நீட்டினால், இரு விரல் நுனிகளையும் சேர்க்கும் கோடு ஏறக்குறைய அந்தச் சாய்வுதான். இன்னொரு வழி, இரு முனைகளையும் இணைக்கும் ஒரு கயிற்றை ஹேமக்கின் மேலாகவே நிரந்தரமாகக் கட்டிவிடுவது. அதன் நீளம் துணியின் நீளத்தில் 83 சதவீதம்: 335 சென்டிமீட்டர் துணிக்கு 278 சென்டிமீட்டர். மரங்கள் நெருக்கமோ தள்ளியோ, தொய்வு எப்போதும் ஒரே அளவில் நிற்கும். மரங்களுக்கு இடையே நாலு முதல் நாலரை மீட்டர் நல்லது. உட்கார்ந்த பிறகு துணி நாற்காலி உயரத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடியில் இருந்தால் போதும்.

கேள்வி: கயிறு போதாதா, பட்டை எதற்கு?

பதில்: மரத்துக்காக. உணவைக் கொண்டுசெல்லும் உயிருள்ள அடுக்கு மரப்பட்டைக்குச் சற்று அடியிலேயே இருக்கிறது. மெல்லிய கயிறு அதை அறுக்கும். ஓர் அங்குலத்துக்குக் குறையாத அகலமுள்ள பாலியஸ்டர் நாடா வேண்டும். நைலான் நாடா எடை ஏற ஏற நீண்டு, விடியும்போது ஆளைத் தரையில் இறக்கியிருக்கும். அமெரிக்கப் பூங்காக்கள் பலவற்றில் அகலப் பட்டை கட்டாயம். கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவில் குறித்த முகாம் இடங்களைத் தவிர வேறெங்கும் ஹேமக் கட்டக் கூடாது. அங்குள்ள தங்குமிடக் கொட்டகைகளின் தூண்களில் கட்டவும் தடை.

செங்கல் தூணில் ஒருபோதும் கட்டக் கூடாது. பக்கவாட்டு இழுவையில் தூண் சரிந்து படுத்திருந்தவர்கள் மேலேயே விழுந்து உயிரிழப்பு நேர்ந்திருக்கிறது.

கேள்வி: ஸ்லீப்பிங் பேக் இருக்கும்போது குளிர் எப்படித் தெரியும்?

பதில்: ஸ்லீப்பிங் பேக்கில் வெப்பத்தைக் காப்பது பஞ்சோ இறகோ அல்ல, அவற்றுக்குள் அடைபட்ட காற்று. உடம்பின் எடையில் அடிப்பக்கம் நசுங்கியதும் அந்தக் காற்று போய்விடும். கூடாரத்தில் கீழே தரையாவது இருக்கிறது. ஹேமக்கில் கீழே ஓடுவது காற்று. 20 டிகிரி செல்சியஸ் அளவிலேயே சிலருக்கு இடுப்பும் முதுகும் சில்லிடத் தொடங்கும். முதல் இரவில் பெரும்பாலோர் தோற்பது மழையிடமோ கொசுவிடமோ அல்ல, இதனிடம்தான்.

தீர்வு அண்டர்குவில்ட். இறகோ செயற்கைப் பஞ்சோ அடைத்த ரஜாய் போன்ற ஒன்றை ஹேமக்குக்கு வெளியே, அடியில் தொங்கவிடுவது. உடம்பு அதை நசுக்காது, அதனால் காற்று உள்ளேயே நிற்கும். தொளதொளவென்று இடைவெளி விட்டாலும் வீண், இறுக்கினாலும் வீண். துணியைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். நல்ல அண்டர்குவில்ட்டின் விலை ஹேமக்கின் விலையைத் தாண்டிவிடும். எனவே புதிதாகத் தொடங்குகிறவர் அதை உடனே வாங்குவது அவசரம். சாதாரண ஃபோம் விரிப்பு ஒன்றை உள்ளே போட்டுப் படுக்கலாம். கொஞ்சம் நழுவும், வியர்க்கும், ஆனால் காக்கும். பழைய மாலுமிகள் செய்ததும் அதைத்தானே.

கேள்வி: மழைக்கும் கொசுவுக்கும்?

பதில்: தார்ப்பாயின் மேல்விளிம்பு ஹேமக்கைவிடப் பக்கத்துக்கு அரை அடியாவது நீண்டிருக்க வேண்டும். அது சரியாக இருந்தும் நனைந்தால் குற்றவாளி கட்டுப்பட்டைதான். மரத்தில் வழியும் தண்ணீர் பட்டை வழியாகவே படுக்கைக்கு வந்துசேரும். தார்ப்பாயின் நிழலுக்குள் வரும் இடத்தில் பட்டையில் ஒரு துண்டு நூலைக் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். செலவில்லாத வேலை. சிலிக்கான் பூசிய நைலான் தார்ப்பாய் ஈரத்தில் தொய்யும். படுக்கும் முன் ஒருமுறை இழுத்துக் கட்டினால் ஆயிற்று.

கொசு மேலே மட்டும் வராது. மெல்லிய நைலான் வழியாக அடியிலிருந்தும் ஊசி போடும். முழு ஹேமக்கையும் உறை போலச் சுற்றிக்கொள்ளும் வலையோ இரட்டை அடித்துணியோ வேண்டும்.

கேள்வி: கொடைக்கானல் பக்கம் போய்க் கட்டிப் படுக்கலாமா?

பதில்: காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், இரவில் தங்குவதைப் பற்றிப் பேச வேண்டாம். யானைக்குத் தொங்கும் துணி எல்லாம் வேடிக்கைப் பொருள். தங்க அனுமதிக்கும் தனியார் தோட்டங்களில் கேட்டுக்கொண்டு கட்டலாம், அங்கும் அண்ணாந்து பார்த்துவிட்டு. எஸ்டேட்டுகளில் நிறைய நிற்கும் சில்வர் ஓக் காற்றில் கிளை முறியும் மரம். சமவெளியில் தென்னந்தோப்பு ஆசை காட்டும். உறுதியான அடிமரம், அளவான இடைவெளி, எல்லாம் சரி. காய் பறித்த பிறகு கட்டவும்.

கேள்வி: ஆடிக்கொண்டே படுத்தால் சீக்கிரம் தூக்கம் வரும் என்பது உண்மையா, பாட்டி வைத்தியமா?

பதில்: உண்மை என்றே தெரிகிறது. ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் 12 ஆண்களை மெதுவாக ஆடும் படுக்கையில் பகலில் 45 நிமிடம் தூங்கவைத்து மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். அசையாத படுக்கையைவிட இதில் விரைவாகத் தூக்கம் வந்தது. ஆழ்ந்த உறக்கத்தின் அறிகுறிகளும் கூடின. 2019இல் 18 பேரை வைத்து முழு இரவுக்குச் செய்த சோதனையும் அதையே சொன்னது. ஒரு திருத்தம் மட்டும்: அந்தப் படுக்கையை நாலு நொடிக்கு ஒருமுறை ஆட்ட மோட்டார் இருந்தது. காட்டில் ஹேமக் ஒன்றிரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். அதனால் சிலர் பக்கத்து மரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு, தூக்கம் வரும்வரை தாங்களே இழுத்து ஆட்டிக்கொள்கிறார்கள்.