எவரெஸ்ட் உச்சியிலும் 21 சதவீதம்தான்

கேள்வி: காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், உயரே போனாலும் இந்த விகிதம் மாறாது என்று படித்தேன். அப்படியானால் எவரெஸ்ட் ஏறுபவர்கள் ஏன் சிலிண்டர் சுமக்கிறார்கள்? சிலிண்டர் இருந்தால் எவ்வளவு உயரத்துக்கும் போகலாமா?
– கல்லூரி மாணவி, தேனி

பதில்: நீங்கள் படித்தது சரிதான். ஏறத்தாழ 80 கி.மீ. உயரம் வரை காற்று நன்றாகக் கலந்தே இருப்பதால் விகிதம் மாறுவதில்லை. ஆனால் ஆக்சிஜனை ரத்தத்துக்குள் தள்ளுவது சதவீதம் அல்ல, அழுத்தம்.

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம் (டாக்டர் பி.பி. பார்க்கும் அதே மில்லிமீட்டர்தான்). 1981 அக்டோபரில் அமெரிக்க மருத்துவ ஆய்வுக் குழுவைச் சேர்ந்த கிறிஸ்டோபர் பிஸோ எவரெஸ்ட் உச்சியிலேயே கருவியை வைத்து அளந்தபோது கிடைத்தது 253. மூன்றில் ஒரு பங்கு! அதிலும் முழுவதும் நமக்கு வராது. உள்ளிழுக்கும் காற்றை உடல் ஈரப்படுத்திவிடுகிறது. 37 டிகிரி வெப்பத்தில் அந்த நீராவி மட்டுமே 47 மி.மீ. எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் 21 சதவீதம் என்றால் ஆக்சிஜனுக்குக் கிடைப்பது வெறும் 43. தரையில் இது 149.

இந்த 253 கூட எவரெஸ்டின் அதிர்ஷ்டம் என்பேன். வளிமண்டலத்தின் கீழடுக்கான ட்ரோபோஸ்பியர் வெப்பமண்டலப் பகுதியில் 16 கி.மீ.க்கு மேல் உயர்ந்திருக்கிறது. துருவங்களில் அதில் பாதிதான். எவரெஸ்ட் 28 டிகிரி வடக்கில் இருப்பதால், பொதுவான வளிமண்டலக் கணக்குப்படி வரவேண்டிய 236ஐவிட அங்கே அழுத்தம் கூடுதல். 1978இல் மெஸ்னரும் ஹேபெலரும் சிலிண்டர் இல்லாமலே உச்சியைத் தொட்டார்களே, இதே மலை அலாஸ்காவில் இருந்திருந்தால் அது நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இப்போது சிலிண்டருக்கு வருவோம். முகமூடி வழியாகச் சுத்தமான ஆக்சிஜனையே சுவாசித்தால் 10 கி.மீ. உயரத்திலும் கடல் மட்டத்தில் இருப்பது போலச் சமாளிக்கலாம். 12 கி.மீ. தாண்டினால் அதுவும் போதாது. ஆக்சிஜனை அழுத்தத்தோடு செலுத்த வேண்டும். சுமார் 19 கி.மீ.யில் வெளிக்காற்றின் அழுத்தமே 47 மி.மீ.க்கு இறங்கிவிடுகிறது. கணக்கு புரிகிறதா? நுரையீரலை நீராவியே நிரப்பிவிடும். ஆக்சிஜனுக்கு இடமே இல்லை. நாக்கில் உள்ள எச்சில் உடல் சூட்டிலேயே கொதிக்கத் தொடங்கும். ரத்தமும் கொதிக்கும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். ரத்தக்குழாய்க்குள் உள்ள அழுத்தம் அதைத் தடுத்துவிடும்.

அங்கே காப்பாற்றுவது அழுத்த உடை மட்டுமே. 1960 ஆகஸ்ட் 16 அன்று ஜோசப் கிட்டிங்கர் பலூனில் 31 கி.மீ. உயரம் போய்க் குதித்தார். ஏறும்போதே வலது கையுறை பழுதாகி அழுத்தத்தை இழந்தது. சொன்னால் பயணத்தை நிறுத்திவிடுவார்கள் என்று தரைக்குத் தகவல் சொல்லாமல் இருந்துவிட்டார். கை இருமடங்காக வீங்கிச் செயலற்றுப் போனது. தரையிறங்கிய சில மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது.

நீங்கள் மலையேறாவிட்டாலும் விமானம் ஏறுவீர்கள். அது பறக்கும் 11 கி.மீ. உயரத்தில் கேபின் அழுத்தம் போய்விட்டால் தெளிவாகச் செயல்படக் கிடைப்பது அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். பக்கத்தில் குழந்தையே இருந்தாலும் முகமூடியை முதலில் நீங்கள் மாட்டிக்கொள்ளுங்கள்.