கடைக்கு ஒரு காமிரா

திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டையிலிருந்து கொஞ்சம் நடந்தால் சாலைக் கடைவீதி வரும். அரிசி, பருப்பு, பூ, பழம், பாத்திரம் எல்லாம் அங்கே கிடைக்கும். நெல்லை, நாகர்கோவில் பக்கமிருந்து வந்து கடை வைத்தவர்கள் அங்கே பலர் உண்டு. அதனால் அந்தத் தெருவில் மலையாளமும் தமிழும் சேர்ந்தே கேட்கும்.

அந்தத் தெருவில் ஓர் அக்கா பாத்திரக்கடை வைத்திருந்தார். கணவர் இறந்த பிறகு கடையை அவரே நடத்தினார். பகலில் வியாபாரம். மாலையில் எழுத்தறிவு வகுப்பு. நாற்பத்தைந்து வயதில்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார்.

கடையில் கூட்டம் வந்தால் ஒரு கண் போதாது. "ஒரு காமிரா வைக்க வேண்டும்" என்று அக்கா நினைத்தார்.

ஒரு நாள் ஒருவர் பையோடு வந்தார்.

"அக்கா, வெளிநாட்டுச் சரக்கு. கடையில் மூவாயிரம் ரூபாய். உங்களுக்கு ஆயிரத்து எண்ணூறு."

"பில் உண்டா தம்பி?"

"பில் போட்டால் வரி சேரும் அக்கா. விலை கூடும். என்னை நம்புங்கள்."

அக்கா நம்பினார். சீட்டுப் பணத்திலிருந்து ரூ.1,800 கொடுத்தார்.

பெட்டியில் சீன எழுத்து இருந்தது. ஒரு வரிகூடப் புரியவில்லை. கடையில் வேலை செய்யும் தம்பி காமிராவைச் சுவரில் மாட்டினார். சின்ன விளக்கு எரிந்தது. செல்போனில் இணைத்துப் பார்த்தார். படம் வரவில்லை. 'இந்தப் பொருளை உங்கள் நாட்டில் பயன்படுத்த முடியாது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. நாலு தடவை முயன்றார். நாலு தடவையும் அதே வரிதான்.

விற்றவரின் பெயர் தெரியாது. ஊர் தெரியாது. அவர் திரும்ப வரவும் இல்லை.

"இருக்கட்டும். காமிரா இருக்கிறது என்று பார்த்தாலே திருடன் பயப்படுவான்" என்றார் அக்கா.

பத்து நாள் கழித்து ஒரு பெரிய பித்தளைக் குத்துவிளக்கு காணாமல் போனது. போலீஸ்காரர் வந்தார். மேலே பார்த்தார். "காமிரா இருக்கிறதே! பதிவைக் காட்டுங்கள்" என்றார். காட்டப் பதிவு இல்லை.

பதிவு இல்லாததால் பேச்சு எழுந்தது. "கடையில் யார் யார் இருந்தார்கள்?" என்று எல்லோரும் கேட்டார்கள். எல்லோருடைய கண்ணும் வேலை செய்யும் தம்பியின் மேல் விழுந்தது. அக்காவும் ஒரு நிமிடம் அவரைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டார். மறுநாளிலிருந்து அந்தத் தம்பி கடைக்கு வரவில்லை.

ரூ.1,800 போனது. விளக்குப் போனது. அதைவிடப் பெரிது, ஐந்து வருடம் உழைத்தவரின் மனம் நொந்தது.

காமிரா ஏன் வேலை செய்யவில்லை?

பக்கத்துக் கடை அண்ணாச்சி மின்சாதனம் விற்பவர். அக்கா அவரிடம் காமிராவைக் கொண்டுபோனார்.

"அண்ணாச்சி, இது கெட்டுப்போன பொருளா?"

"கெட்டது இல்லை அக்கா. பூட்டிய பொருள்."

"பூட்டா? எங்கே இருக்கிறது பூட்டு?"

"கண்ணுக்குத் தெரியாது. சொல்கிறேன், கேளுங்கள்."

அண்ணாச்சி சொன்னது இதுதான்.

இப்போது விற்கும் பல காமிராக்கள் இணையம் வழியாக வேலை செய்கின்றன. காமிரா முதலில் கம்பெனியின் கணினியோடு பேசும். செல்போனும் அதே கணினியோடு பேசும். அந்தக் கணினி இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் படம் தெரியும்.

ஒவ்வொரு காமிராவுக்கும் ஓர் எண் உண்டு. எந்த நாட்டில் விற்கச் செய்த காமிரா என்பது அந்த எண்ணை வைத்துக் கம்பெனிக்குத் தெரியும். சீனாவில் விற்கச் செய்ததை இங்கே மாட்டினால், சில கம்பெனிகளின் கணினி அதைச் சேர்க்காது. இதை 'நாட்டுப் பூட்டு' என்று சொல்லலாம். கம்பெனிகள் நாட்டுக்கு ஒரு விலை வைக்கின்றன. ஒரு நாட்டுச் சரக்கு இன்னொரு நாட்டுக்குப் போய்விடாமல் இருக்க இந்தப் பூட்டைப் போடுகின்றன.

"சில பேர் அந்தப் பூட்டை உடைத்துத் தருகிறேன் என்கிறார்களே?" என்றார் அக்கா.

"தருவார்கள். உள்ளே இருக்கும் நிரலை மாற்றி ஆங்கிலம் வர வைப்பார்கள். ஒரு நாள் கம்பெனியிலிருந்து புது நிரல் வரும். அதை ஏற்றினால் மறுபடி சீன மொழி வரலாம். காமிரா அடியோடு நின்றும் போகலாம். புது நிரலை ஏற்றாமல் விட்டால், பழைய ஓட்டை வழியாகத் திருடர்கள் உள்ளே நுழையலாம். இரண்டு பக்கமும் இடிதான்."

வெளிநாட்டுச் சரக்கில் வேறு தொல்லைகளும் உண்டு.

மின்சாரம்: நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்காவில் 120 வோல்ட். 120 மட்டும் எழுதியிருக்கும் அடாப்டரை இங்கே செருகினால் கருகிவிடும். '100 முதல் 240 வரை' என்று எழுதியிருந்தால் பயமில்லை.

செருகும் முனை: துபாய் போன்ற ஊர்களில் சதுர முனை உள்ள பிளக். அது நம் வீட்டுத் துளையில் நேராகப் பொருந்தாது.

படம்: நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலையும். அமெரிக்காவில் 60 முறை. அங்குள்ள கணக்குக்கு வைத்த காமிராவில் நம் டியூப் லைட் வெளிச்சம் மின்னி மின்னித் தெரியலாம். சில காமிராக்களில் இதை மாற்றிக்கொள்ள வழி உண்டு.

உத்தரவாதம்: வாங்கிய நாட்டில் மட்டும் செல்லும் உத்தரவாதம் பல பொருள்களுக்கு உண்டு. வளைகுடாவிலிருந்து மருமகன் அன்போடு கொண்டுவந்தாலும், பழுதானால் இங்கே பார்க்க ஆள் இருக்காது.

அரசின் விதி என்ன?

இந்தியாவில் விற்கும் கண்காணிப்புக் காமிரா, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவாகி இருக்க வேண்டும். 2024 ஏப்ரலில் மத்திய அரசு இன்னும் ஓர் ஆணை போட்டது. காமிரா எரிகிறதா, சுடுகிறதா என்று மட்டும் சோதித்தால் போதாது. வெளியாள் உள்ளே நுழைய முடியாதபடி செய்திருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். 2025 ஏப்ரல் 9 முதல் இந்த விதி நடைமுறைக்கு வந்தது. பையில் வைத்து விற்கும் சரக்கு எந்தச் சோதனைக்கும் போயிருக்காது.

பெட்டியைப் படியுங்கள்

காமிரா வாங்கும்போது பணம் எடுக்கும் முன் பெட்டியைக் கையில் எடுங்கள். இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

1. தரப் பதிவு எண். 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து, ஒரு சிறு கோடு, பிறகு 8 இலக்கங்கள். 'பி.ஐ.எஸ். கேர்' என்ற அரசுச் செயலியில் இந்த எண்ணைப் போட்டால், அது எந்தக் கம்பெனிக்குக் கொடுத்த எண் என்று தெரியும்.

2. எந்த நாட்டில் செய்தது என்ற விவரம்.

3. இறக்குமதிச் சரக்கு என்றால், இந்தியாவில் இறக்கியவரின் பெயரும் முகவரியும்.

4. அதிகபட்ச சில்லறை விலை. ரூபாயில் இருக்க வேண்டும். டாலரில் மட்டும் விலை இருந்தால் அது நமக்காக வந்த சரக்கு இல்லை.

5. மாதமும் வருடமும்.

6. புகார் சொல்வதற்கான தொலைபேசி எண்.

7. காமிராவின் வரிசை எண். பெட்டியில் உள்ள எண்ணும் காமிராவின் மேல் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆங்கிலம் தெரியாதே என்று கூச்சப்பட வேண்டாம். எண் எல்லா மொழிக்கும் ஒன்றுதான். மற்றதைக் கடைக்காரரையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

பிறகு கடையிலேயே காமிராவை உங்கள் செல்போனில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். படம் வர வேண்டும். பதிவாக வேண்டும். பதிவானதைத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்

ரசீதில் கடையின் பெயர், முகவரி, தேதி, விலை, காமிராவின் வரிசை எண் ஆகியவை இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அதில் 15 எழுத்தும் எண்ணும் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் காட்டும். கேரளத்திற்கு 32. தமிழ்நாட்டிற்கு 33. சிறிய கடைகளுக்கு இந்த எண் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் ரசீது கட்டாயம் வேண்டும். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

இணையத்தில் வாங்கினால் விற்பவரின் பெயரையும் முகவரியையும் பாருங்கள். எந்த நாட்டுப் பொருள் என்பதையும் பாருங்கள். 2020-ல் வந்த விதிப்படி இவற்றைக் காட்ட வேண்டும்.

ஏமாந்துவிட்டால்?

முதலில் கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். பலன் இல்லையென்றால் 1915 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். இரண்டு வருடத்திற்குள் கொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். ஆனால் கையில் ரசீது வேண்டும்.

வாங்கிய பிறகு

காமிரா வாங்கினால் வேலை முடியவில்லை. அதற்கு ஒரு கடவுச்சொல் உண்டு. கம்பெனி போட்ட கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள். 1234 என்றோ பிள்ளையின் பெயர் என்றோ வைக்காதீர்கள்.

2025 பிப்ரவரியில் குஜராத்தில் ராஜ்கோட்டில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு மகப்பேறு மருத்துவமனையின் காமிராப் படங்கள் வெளியே போய்விட்டன. மருத்துவர் பெண்களைப் பரிசோதித்த படங்கள் அவை. இணையத்தில் அவற்றை விற்றார்கள். காவலுக்கு வைத்த கண் மானத்தை வாங்கிவிட்டது. ஆகவே குளியலறை, உடை மாற்றும் இடம், படுக்கையறை எங்கும் காமிரா கூடாது. பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்தும் வைக்கக் கூடாது.

நல்ல காமிரா எப்படி உதவும்? இதற்கும் திருவனந்தபுரத்திலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. 2016-ல் வெள்ளயம்பலத்தில் ஆல்தறைப் பக்கம் ஒரு ஏ.டி.எம். அறையில் வெளிநாட்டுத் திருடர்கள் ரகசியக் கருவி வைத்தார்கள். பணம் எடுப்பவர்களின் அட்டை விவரத்தைத் திருடினார்கள். இங்கே உள்ளவர்களின் பணத்தை மும்பையில் எடுத்தார்கள். ஆனால் அவர்கள் கருவி மாட்டியதை அந்த அறையின் காமிரா பதிவு செய்திருந்தது. அவர்களில் ஒருவர் சில நாளிலேயே மும்பையில் பிடிபட்டார்.

ஒன்றை மறக்காதீர்கள். இடம் நிறைந்தால் பழைய பதிவு அழிந்து புதிய பதிவு ஏறும். ஏதாவது நடந்தால் உடனே பதிவை எடுத்து வையுங்கள்.

அக்கா என்ன செய்தார்?

அக்கா முதலில் காமிராக் கடைக்குப் போகவில்லை. வேலை செய்த தம்பியின் வீட்டுக்குப் போனார்.

"உன்னைச் சந்தேகப்பட்டது என் தப்பு தம்பி. கடைக்கு வா" என்றார்.

அந்தத் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வருகிறேன் அக்கா. ஆனால் நல்ல காமிரா வையுங்கள். அது உங்களுக்கு மட்டும் இல்லை, எனக்கும் சாட்சி."

இருவரும் சேர்ந்தே கடைக்குப் போனார்கள். அக்கா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'ஆர்' எழுத்தைக் கண்டுபிடித்தார். எட்டு இலக்கங்களை விரல் வைத்து எண்ணினார். ரூ.2,900 கொடுத்தார். ரசீதை வாங்கி, வரிசை எண்ணைச் சரிபார்த்த பிறகுதான் படி இறங்கினார்.

குத்துவிளக்கு கிடைக்கவே இல்லை. பழைய காமிராவை அக்கா தூக்கி எறியவில்லை. எழுத்தறிவு வகுப்புக்கு அந்தப் பெட்டியோடு கொண்டுபோனார். "இதில் என்னவெல்லாம் இல்லை, சொல்லுங்கள் பார்ப்போம்" என்று எல்லோரிடமும் கேட்டார்.

சொல்லுங்கள்

1. அக்கா வாங்கிய முதல் காமிரா ஏன் வேலை செய்யவில்லை?
2. ரசீது இல்லாததால் அக்காவுக்கு என்ன நஷ்டம்?
3. "எனக்கும் சாட்சி" என்று தம்பி ஏன் சொன்னார்?

எழுதுங்கள்

1. நுகர்வோர் உதவி எண் ________.
2. கேரளத்தின் ஜி.எஸ்.டி. எண் ________ என்று தொடங்கும்.
3. தரப் பதிவு எண்ணில் ________ இலக்கங்கள் உண்டு.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் உள்ள ஏதாவது ஒரு மின்சாதனத்தின் பெட்டியை எடுங்கள். விலை, மாதம், முகவரி, புகார் எண் ஆகியவற்றைத் தேடிப் படித்து உங்கள் நோட்டில் எழுதுங்கள்.