விலை கொடுத்தால் பூட்டு கெட்டிப்படுமா?

கேள்வி: எங்கள் ஜவுளிக் கடைக்கு ஒரு வெப்சைட் இருக்கிறது. ஆர்டர், பணம் எல்லாம் அதன் வழியாகத்தான் வருகின்றன. இலவச எஸ்எஸ்எல் சான்றிதழ் வெறும் ‘ட்ரயல்’ மாதிரி, 90 நாளில் காலாவதியாகிவிடும், வருடத்துக்குச் சில ஆயிரம் கட்டி வாங்கினால்தான் பாதுகாப்பு என்கிறார் ஹோஸ்டிங் எடுத்துக் கொடுத்தவர். வாங்கலாமா? சர்வரில் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகர், ஈரோடு

பதில்: வாங்க வேண்டியதில்லை. வாடிக்கையாளரின் பிரவுசருக்கும் உங்கள் சர்வருக்கும் இடையே போகும் தகவல் எவ்வளவு கெட்டியாகப் பூட்டப்படுகிறது என்பது அந்த இரண்டும் தமக்குள் பேசி முடிவு செய்துகொள்ளும் விஷயம். சான்றிதழ் கொடுக்கும் நிறுவனத்துக்கு அதில் பங்கே இல்லை. அது சொல்வதெல்லாம், “இந்தப் பொதுச் சாவி இந்த டொமைனுக்கு உரியது” என்ற ஒரே ஒரு செய்திதான். அதை உறுதிசெய்ய, குறிப்பிட்ட ஒரு கோப்பை உங்கள் சைட்டில் வைக்கச் சொல்லும், அல்லது டிஎன்எஸ்ஸில் ஒரு வரி சேர்க்கச் சொல்லும். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு செய்வதும் இதையேதான், விலைப்பட்டியலின் முதல் வரியில் இருக்கும் கட்டணச் சான்றிதழ் செய்வதும் இதையேதான்.

“காசு வாங்கும் நிறுவனம் என்றால் பொறுப்பாக இருக்குமே” என்று தோன்றலாம். நடந்தவை அப்படிச் சொல்லவில்லை. நெதர்லாந்தின் டிஜிநோட்டார் சான்றிதழ் விற்றுப் பிழைத்த நிறுவனம்; அந்நாட்டு அரசுத் தளங்களே அதை நம்பியிருந்தன. 2011-இல் அதன் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் கூகுள் உட்படப் பல டொமைன்களின் பெயரில் போலிச் சான்றிதழ்களை உருவாக்கிக்கொண்டார்கள். ஈரானில் ஜிமெயில் பயன்படுத்தியவர்களை உளவு பார்க்க அவை பயன்பட்டன. பிரவுசர்கள் டிஜிநோட்டாரைத் தாங்கள் நம்பும் நிறுவனங்களின் பட்டியலிலிருந்து தூக்கின. அந்த செப்டம்பரிலேயே நிறுவனம் திவாலானது. நம் நாட்டிலும் 2014 ஜூலையில், தேசிய தகவலியல் மையத்தின் சான்றிதழ் பிரிவிலிருந்து கூகுள் டொமைன்களுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளிவந்தது தெரிந்தது. இரண்டு சம்பவத்திலும் கூகுள் தனக்கான சான்றிதழை எங்கே, என்ன விலைக்கு வாங்கியிருந்தாலும் பலன் ஒன்றுதான். பிரவுசர் தன் பட்டியலில் உள்ள எல்லா நிறுவனங்களையும் சமமாகவே நம்புகிறது. எந்தச் சாவி போட்டாலும் திறக்கும் பூட்டுக்கு, உங்கள் சாவியை மட்டும் தங்கத்தில் செய்து வைத்து என்ன பயன்?

கூடுதல் விலையில் நிறுவனத்தின் பெயரையும் விசாரித்துத் தரும் ‘இவி’ சான்றிதழ் உண்டே என்று விற்பவர் கேட்பார். ஒரு காலத்தில் அதற்கு மதிப்பு இருந்தது. முகவரிப் பட்டையில் கம்பெனி பெயர் பச்சையாகத் தெரியும். அதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை என்று கண்டு, 2019-இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் முகப்பிலிருந்து எடுத்துவிட்டன. இன்று உங்கள் வாடிக்கையாளர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மோசடித் தளங்களும் இலவசச் சான்றிதழ் வைத்திருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் வழியில் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கு மட்டுமே பூட்டுச் சின்னம் உறுதி சொன்னது. கடைக்காரர் யோக்கியர் என்று அது எப்போதுமே சொன்னதில்லை. இந்தக் குழப்பம் தீரத்தான் குரோம் 2023-இல் அந்தச் சின்னத்தையே மாற்றியது.

இனி அந்த 90 நாள். அதைக் குறையாகச் சொல்கிறார்கள். நான் அதை நிறையாகப் பார்க்கிறேன். சர்வரிலிருந்து ரகசியச் சாவி திருடுபோனால், சான்றிதழை ரத்து செய்தாலும் அந்தச் செய்தி எல்லா பிரவுசருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேருவதில்லை. எனவே காலாவதித் தேதிதான் கடைசிக் காவல். காசு கட்டுவதால் அந்தத் தேதி தள்ளிப்போகவும் போவதில்லை. பிரவுசர்களும் சான்றிதழ் நிறுவனங்களும் சேர்ந்து 2025-இல் எடுத்த முடிவுப்படி, அதுவரை 398 நாளாக இருந்த அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச்சில் 200 நாளாகவும், 2027 மார்ச்சில் 100 நாளாகவும், 2029 மார்ச்சில் 47 நாளாகவும் சுருங்குகிறது. ஒரு வருடத்துக்கென்று பணம் கட்டினாலும் நடுவில் பலமுறை புதுப்பித்துத்தான் ஆக வேண்டும். கையால் செய்தால் ஒருநாள் மறந்துபோகும். 2020 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் சில மணி நேரம் படுத்துக்கொண்டதற்குக் காரணம் புதுப்பிக்க மறந்த ஒரு சான்றிதழ். 2018 டிசம்பரில் பிரிட்டனின் ஓ2 மொபைல் சேவையில் கோடிக்கணக்கானோருக்கு டேட்டா நின்றதும், எரிக்சன் மென்பொருளில் காலாவதியான சான்றிதழால்தான். ஆள்பலமும் பணமும் உள்ளவர்களுக்கே இந்தக் கதி. ஆகவே நீங்கள் அக்கறை காட்ட வேண்டிய இடம் தானியங்கிப் புதுப்பிப்பு.

சர்வர் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால் செர்ட்பாட் போன்ற ஒரு நிரல் போதும். சாவியை அதுவே அங்கேயே உருவாக்கி, சான்றிதழையும் வாங்கிவிடும். யாராவது சாவியையும் சான்றிதழையும் ஒரே ஜிப் கோப்பாக வாட்ஸப்பில் அனுப்பினால் வாங்காதீர்கள். ரகசியச் சாவி பிறர் கைபட்டாலே அது ரகசியம் இல்லை. செர்ட்பாட் தரும் கோப்புகளில் உங்கள் சான்றிதழ் மட்டும் உள்ளது ஒன்று, அதைப் பிரவுசர் நம்பும் நிறுவனத்தோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழும் சேர்ந்த ‘ஃபுல்செயின்’ ஒன்று. சர்வர் அமைப்பில் கொடுக்க வேண்டியது ஃபுல்செயின். பலர் இடறி விழுவது இங்கேதான். விடுபட்ட இடைநிலைச் சான்றிதழைக் கம்ப்யூட்டரில் உள்ள பிரவுசர் பெரும்பாலும் தானே தேடி நிரப்பிக்கொள்ளும். உங்கள் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். பேமென்ட் கேட்வேயின் சர்வர் அப்படித் தேடிக்கொண்டிருக்காது, இணைப்பைத் துண்டித்துவிடும். வாடிக்கையாளர் கணக்கில் பணம் போயிருக்கும், உங்கள் பக்கம் ஆர்டர் ‘பெண்டிங்’ என்றே நிற்கும்.

புதுப்பிப்பிலும் இப்படி ஒரு கண்ணி உண்டு. புதிய சான்றிதழ் டிஸ்க்கில் வந்து உட்கார்ந்துவிடும். ஆனால் என்ஜின்எக்ஸோ அப்பாச்சியோ மெமரியில் இருக்கும் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். புதுப்பித்ததும் வெப் சர்வர் தானாக ரீலோட் ஆகும்படி செர்ட்பாட்டிலேயே ஒரு கட்டளை சேர்த்துவிடலாம். கோப்பு வழிச் சோதனை 80-ஆம் போர்ட் வழியாக வருவதால், ஃபயர்வாலில் அதை மூடிவிடக் கூடாது. ஒத்திகை பார்க்கும் வசதி செர்ட்பாட்டிலேயே இருக்கிறது; முதல் நாளே ஓட்டிப் பாருங்கள். காலாவதி நெருங்குவதாக மெயில் அனுப்புவதை லெட்ஸ் என்க்ரிப்ட் 2025 ஜூனோடு நிறுத்திவிட்டது. வெளியிலிருந்து தேதியைப் பார்த்துச் சொல்லும் ஒரு கண்காணிப்பு சேவையைப் போட்டுவையுங்கள்.

கட்டணச் சான்றிதழ் எங்குமே தேவையில்லை என்று சொல்லமாட்டேன். பெரிய நிறுவனத்துடனான ஒப்பந்தத்தில் கம்பெனி பெயர் பதித்த சான்றிதழ்தான் வேண்டும் என்று எழுதியிருந்தால் வாங்கித்தான் ஆக வேண்டும். உங்கள் கடைக்கு அப்படி ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. ஷேர்டு ஹோஸ்டிங் என்றால் கண்ட்ரோல் பேனலிலேயே இலவசச் சான்றிதழ் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று ஹோஸ்டிங் எடுத்துக் கொடுத்தவரிடம் கேளுங்கள். இல்லை என்றாலோ, வேண்டுமென்றே அடைத்து வைத்திருந்தாலோ, அந்த சில ஆயிரத்தை ஹோஸ்டிங் மாற்றுவதற்குச் செலவழிக்கலாம்.