இரவில் பதில் அனுப்பாதே

அன்புள்ள கயல்,

வகுப்பில் எல்லார் முன்னாலும் தோழி சொன்ன சொல்லை நினைத்து நினைத்து, இரவு இரண்டு மணிவரை புரண்டுகொண்டிருந்ததாக எழுதியிருந்தாய். அம்மா ஆறுதல் சொல்லியிருப்பாள். அந்த நேரத்தில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்கிறேன்.

பயத்துக்கும் கோபத்துக்கும் உடனே விழித்துக்கொள்ளும் பகுதி அமிக்டலா. 2007இல் தூக்க ஆய்வாளர் மேத்யூ வாக்கரின் குழுவினர், சுமார் 35 மணி நேரம் தூங்காதவர்களை ஸ்கேனில் படுக்கவைத்து மனத்தைக் கலக்கும் படங்களைக் காட்டினார்கள். தூங்கி வந்தவர்களைவிட அவர்களுடைய அமிக்டலா 60 சதவீதம் கூடுதலாகக் கிளர்ந்தது. அதைக் கட்டுக்குள் வைக்கும் மூளையின் முன்பகுதியோடு இருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. நீ விழித்தது சில மணி நேரம்தான். ஆனாலும் தூக்கம் குறையக் குறைய மனம் அந்தப் பக்கமே சாயும்.

தூங்கினால் மறந்துவிடுமா? மறக்காது. 2008இல் ஜெசிக்கா பெய்ன் குழுவினர், தெருவில் நொறுங்கிக் கிடக்கும் காரைப் போன்ற படங்களைக் காட்டி, 12 மணி நேரம் கழித்துச் சோதித்தார்கள். பகலெல்லாம் விழித்திருந்தவர்களுக்குக் காரும் தெருவும் சேர்ந்தே மங்கின. இரவு தூங்கியவர்களுக்குத் தெரு மங்கிப்போக, கார் மட்டும் நினைவில் நின்றது. மனத்தைத் தைத்ததைத் தூக்கம் பத்திரப்படுத்துகிறது.

வலி குறையுமா என்பதில்தான் சண்டை. கனவுத் தூக்கத்தின்போது மூளையில் நார்அட்ரினலின் மிகவும் அடங்கிவிடும். அந்த அமைதியில் நினைவு மறுபடி ஓடுவதால் அதன் காரம் தணிகிறது என்பது வாக்கரின் கருத்து. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் 2012 ஆய்வோ, தூங்கியவர்களிடம் படங்கள் எழுப்பிய வெறுப்பு குறையாமல் நின்றதாகச் சொல்கிறது. ஆகவே, ஒரே இரவில் எல்லாம் ஆறிவிடும் என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்கமாட்டேன். தூங்கி எழுந்தவளுக்குக் கோபத்தை ஆளத் தெம்பு இருக்கும். அதை உறுதியாகச் சொல்வேன்.

இன்னொன்று. கனவுத் தூக்கம் பெரும்பாலும் இரவின் பின்பாதியில், விடியலை ஒட்டி வருவது. பரீட்சைக்கென்று நாலு மணிக்கு அலாரம் வைக்கிறாயே, அதில் பறிபோவது அதுதான். உன் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும்.

தோழிக்கு நீளமாக ஒரு பதில் தட்டி வைத்திருக்கிறாயாமே! ராத்திரியில் அதை அனுப்பாதே. போனைக் கூடத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படு. காலையில் எழுந்து ஒருமுறை படித்துப் பார். அப்போதும் சரியென்று பட்டால் தாராளமாக அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா