கொமிக் கொன்னுக்குப் போகிற தங்கச்சிக்கு

தங்கச்சி, சாமான் வாங்க டவுனுக்கு ஓடுவதற்கு முதல், யாருடைய வேஷம் என்று முடிவெடு. கொழும்பில் 2015இல் தொடங்கிய லங்கா கொமிக் கொன்னுக்கு வேஷம் போட்டுப் போகிறவர்களில் பலர் யப்பான், அமெரிக்கப் பாத்திரங்களைத்தான் தேடுவார்கள். என்னைக் கேட்டால் நீ ராஜியைப் போடு. புனேயின் நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020இல் வெளியிட்ட ‘ராஜி: அன் ஏன்ஷியன்ட் எபிக்’ விளையாட்டின் நாயகி அவள். அசுரர்கள் கொண்டுபோன தம்பி கோலுவைத் தேடிப் போகிற சர்க்கஸ்காரி, துர்க்கை கொடுத்த திரிசூலம் கையில். நம்முடைய நிறம், நம்முடைய முடி. மஞ்சள் விக் போட்டு வேர்த்து ஒழுக வேண்டாம். பாரமான கவசமும் இல்லை என்பதால் முதல் வேஷத்துக்கு இதைவிட நல்லது கிடையாது.

விளையாட்டைப் போட்டு, முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று திரையைப் படமாக எடுத்து வை. முதுகுப் பக்கம் எப்படி என்று தெரியாமல் தைக்கத் தொடங்கினால் பாதியில் நிற்பாய். சில நிறுவனங்கள் இதற்கென்றே வழிகாட்டி வெளியிடுகின்றன. ஹொரைசன் விளையாட்டின் அலோய்க்கு கெரில்லா நிறுவனம் அப்படி ஒன்றைக் கொடுத்திருக்கிறது. வேறு பாத்திரம்தான் வேண்டும் என்றால் அதற்கு அப்படி ஒரு வழிகாட்டி இருக்கிறதா என்று தேடிப் பார்.

தையலுக்கு வெளியூர் வீடியோ பார்க்கிற நேரத்தில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒருவரைப் போய்ப் பார், புள்ள. வட்டக்களரியில் விடிய விடிய ஆடுகிறவர்களுக்கு உடுப்புச் செய்து பழகிய மண் இது. வடமோடிக் கூத்து அரசனின் கரப்பு உடுப்பு எப்படி விரிந்து நிற்கிறது, கிரீடம் தலையில் எப்படிக் கட்டப்படுகிறது, ஆடும்போது எது அவிழும், எது அவிழாது என்பதையெல்லாம் கிட்ட நின்று பார்த்து, கேட்டுத் தெரிந்துகொள்.  பிறகு தைத்ததைப் போட்டுக் குந்து, படி ஏறு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கு, கழிவறைக்குப் போய் வா. எங்கே இழுக்கிறதோ அங்கே தையலைப் பிரித்துத் துண்டு வைத்துத் தை. ஒப்பனைக்குக் கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகம் படிக்கிற பிள்ளைகளைக் கேள். உன் முகத்தை வெளுப்பாக்க மட்டும் யாரையும் விடாதே. ராஜி நம் நிறத்துப் பெண். தோலைவிட வெளிறிய பவுடர் பூசினால் பிளாஷ் வெளிச்சத்தில் முகம் சாம்பல் பூத்துத் தெரியும்.

திரிசூலத்துக்குத் தண்டு பிவிசி குழாய், முனைகள் ஈவா ஷீட். முனைக்குள் கம்பி வைக்காதே. இரும்பும் கூர் ஆயுதமும் இப்படியான மண்டபங்களில் வாசலிலேயே நிற்கும். ஈவாவுக்குக் கொன்டாக்ட் பசையை இரண்டு பக்கமும் பூசி, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு அழுத்து. ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் இந்த வேலை. அதே பசையை ரெஜிபோமில் பூசினால் ரெஜிபோம் கரைந்து போகும், ஸ்பிரே பெயின்டும் அப்படித்தான். அதற்கு பைண்டர் கம்தான் சரி. ஈவா பெயின்டைக் குடிக்கும் என்பதால், தண்ணீர் கலந்த பைண்டர் கம்மை மூன்று நான்கு தரம் பூசிக் காயவைத்து, மேலே அக்ரிலிக் அடி.

தண்டை நடுவில் வெட்டி சொக்கெட் போடு, ஒரு பக்கத்தை மட்டும் ஒட்டு. கொழும்புக் கோட்டை வரைக்கும் இரவு ரயிலில் முழுத் திரிசூலத்தைப் பிடித்துக்கொண்டு இருக்க முடியாது. துப்பாக்கி வைத்திருக்கிற பாத்திரத்தை நான் உனக்குச் சொல்லவே மாட்டேன். நம் நாட்டில், அதுவும் நம் பக்கத்தில், நிஜம்போலத் தெரிகிற துப்பாக்கியோடு பஸ் ஸ்டான்டில் நிற்பது விளையாட்டில்லை.

போகுமுன் ஊரிலேயே ஒருநாள் படம் எடுத்துப் பார். விடியற்காலை வாவிக்கரை நல்லது, வெளிச்சம் சரிந்து வரும், ஆட்களும் குறைவு. பாலமீன்மடுவில் 1913இல் கட்டிய வெளிச்சவீடும் பின்னணிக்கு அழகு. மாமாங்கேஸ்வரர் கோயில் வீதியும் தீர்த்தக்குளத்தடியும் வேண்டாம். துர்க்கையின் ஆயுதத்தோடு வேஷத்தில் அங்கே நின்றால் கும்பிட வந்த பெரியவர்களின் மனம் நோகும்.

படம் எடுக்கிறவர் போனின் 0.5 லென்ஸைத் தொடவே கூடாது. கிட்ட நின்றால் கை யானைக்கால் போலவும் தலை சின்னதாகவும் வரும். இரண்டு மடங்கு சூமில் வைத்து, தள்ளி நின்று, இடுப்பு உயரத்துக்குக் குனிந்து எடுக்கச் சொல், நீ உயரமாகத் தெரிவாய். போர்ட்ரெய்ட் மோட் சூலத்தின் முனைகளைப் பின்னணியோடு சேர்த்து மங்கலாக்கிவிடும். அதை நிறுத்திவிட்டு, நீ சுவரைவிட்டு நாலைந்து அடி முன்னுக்கு வா. சூலத்தைக் கமராவை நோக்கி நீட்டாதே, குட்டையாகிவிடும். குறுக்காகப் பிடி.

மண்டபத்துக்குள் வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் வினாடிக்கு 100 தரம் மினுங்கும். வேகமான ஷட்டரில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். 1/100 அல்லது 1/50 வைத்தால் அது போகும், ஆனால் நீ தாவினால் மங்கிவிடும். ஆகவே நிற்கிற படங்களை உள்ளே எடு. தாவுகிற, சுழல்கிற படங்களுக்கு வெளியே நிழலுள்ள இடத்துக்குப் போய் 1/500 வை. ராஜி நிற்கும்போதும் பாய்வதற்குத் தயாராகவே நிற்பாள். பாரத்தை ஒரு காலில் போட்டு, முழங்காலைக் கொஞ்சம் மடித்து நில்லு. கண்ணாடி முன் பழகு.

கேட்காமல் உன்னைத் தொடவோ, தோளில் கை போடவோ யாருக்கும் உரிமை இல்லை. “வேண்டாம்” என்று சத்தமாகச் சொல், நிகழ்ச்சி நடத்துகிறவர்களிடம் உடனே போய்ச் சொல். கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போ, நான் வரத் தயார். நீயும் மற்றவர்களைப் படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடு, சாப்பிடும்போது எடுக்காதே.

பையில் பசை, ஊசி நூல், சட்டைப்பின், தண்ணீர்ப் போத்தல், பவர் பேங்க், மாற்றுச் செருப்பு வை. படம் எடுத்துத் தந்தவரின் பெயரை அப்போதே போனில் எழுதிக்கொள், பிறகு படத்தைப் போடும்போது அந்தப் பெயரையும் போடு.