கண் கூசுது, கண் அஞ்சுது

பல் கூசும். உடம்பு கூசும். புதுசா யாராவது வீட்டுக்கு வந்தா சின்னப் பிள்ளைங்க கூச்சப்படும். கூசாம பொய் சொல்றவனும் இருக்கான், சொல்ல நாக்கு கூசுற விஷயங்களும் இருக்கு. இதே சொல்லைத்தான் மதிய வெயில்ல தகரக் கூரையைப் பார்க்கிற கண்ணுக்கும் வச்சிருக்கோம். எலுமிச்சம்பழம், வெட்கம், வெயில் மூணுக்கும் எப்படி ஒரே சொல் பொருந்துது? மூணிலயும் உடம்பு உள்ள சுருங்குது, அவ்வளவுதான். கண்மணிப் பாப்பா நிஜமாவே சுருங்கும். இருட்டில 7, 8 மில்லிமீட்டர் வரை விரியிறது, நல்ல வெளிச்சத்தில 2 மில்லிமீட்டருக்கு வந்துடும். நம்ம வினைச்சொல் உடற்கூறுப்படியும் சரிதான்.

இதுல நான் கவனிச்ச ஒரு விஷயம்: "கண் கூசுது" என்கிற வாக்கியத்தில எழுவாய் கண். வெளிச்சம் அதில் இல்லவே இல்லை. இங்கிலீஷ்ல தலைகீழ். 'கிளேர்' என்பது வெளிச்சத்தோட பேர். முறைச்சுப் பார்க்கிறதுக்கும் அதே சொல்தான். அதாவது, எதிரே வர்ற ஹெட்லைட் நம்மளை முறைக்குது. 'டாஸில்' பிறந்தது 'டேஸ்' என்கிற சொல்லிலிருந்து, திகைச்சுப் போறது. ஜெர்மன்காரர்கள் இன்னும் நேரடி. அவர்களுடைய 'பிளென்டன்' என்ற வினைக்குக் கண் கூசவைப்பதுன்னும் பொருள், குருடாக்குவதுன்னும் பொருள்.

அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். செங்கோட்டையில கொல்லம் ரயில் ஏறினா பகவதிபுரம் தாண்டி ஒரு நீளமான மலைக்குகை வரும். 1904-ல ஓட ஆரம்பிச்ச பாதை. அந்த இருட்டிலிருந்து வெளியே வர்ற நொடியில, இந்தப் பக்கத்து ஆளுக்குக் கண் கூசும். ஆரியங்காவுப் பக்கத்து ஆளுக்கோ கண் அஞ்சும்! மலையாளத்தில 'கண்ணஞ்சுக' என்றால் அதுதான். கண்ணைக் கூசவைக்கிற எதுவும் அவங்களுக்கு 'கண்ணஞ்சிப்பிக்குந்ந'. நம்ம 'அஞ்சு'தான், பயப்படுறது. இன்னொரு சொல்லும் வச்சிருக்காங்க: 'கண்ணு மஞ்ஞளிக்குக', கண் மஞ்சளாகிப் போறது. பணத்தைப் பார்த்து மயங்கினவனையும் அப்படித்தான் சொல்வாங்க. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சி என்று அந்தப் பக்கக் கணக்கில இருந்த ஊர்தான். ஒரே வெளிச்சத்துக்கு இங்க கூச்சம், அங்க அச்சம்.

சரி, இதுல இன்ஜினியரிங் எங்கே? லைட்டிங் படிக்கிறவங்க கிளேரை ரெண்டாப் பிரிப்பாங்க. ஒண்ணு 'டிஸ்கம்ஃபர்ட் கிளேர்', கண்ணுக்குத் தொந்தரவு. இன்னொண்ணு 'டிஸெபிலிட்டி கிளேர்', பார்க்கவே முடியாமப் போறது. ரெண்டாவது எப்படி வருதுன்னா, கண்ணுக்குள்ள போற ஒளி லென்ஸிலயும் மத்த பாகங்களிலயும் சிதறி, விழித்திரை மேல ஒரு வெள்ளைத் திரை மாதிரிப் படியும். 1920-களில ஹாலடேயும் ஸ்டைல்ஸும் இதுக்குச் சூத்திரமே கொடுத்தாங்க. கண்ணில விழுற ஒளியை லக்ஸ்ல எடுத்து 10-ஆல பெருக்கி, கோணத்தோட (டிகிரியில) வர்க்கத்தால வகுக்கணும். 1 லக்ஸ் 2 டிகிரி தள்ளி வந்தா, திரையோட ஒளிர்வு சதுர மீட்டருக்கு 2.5 கேண்டெலா. 1 டிகிரிக்கு நெருங்கினா 10. நல்லா விளக்குப் போட்ட ரோட்டோட ஒளிர்வே 1, 2 கேண்டெலாதான்!

குற்றாலம் சீசன்ல இது இன்னும் மோசம். சாரல்ல நனைஞ்ச தார் ரோடு கண்ணாடி மாதிரி. நம்ம ஹெட்லைட் ஒளி நம்ம பக்கம் திரும்பாம முன்னாடி வழுக்கிப் போயிடும், எதிர் வண்டியோட ஒளி ரோட்டில பட்டு நேரா நம்ம கண்ணுக்கு வரும். இதுல ஹைபீம் வேற. ஓரமா ஈரத்தலையோட நடந்து போறவர் அந்தத் திரைக்குப் பின்னால காணாமப் போயிடுவார்.

இந்த ரெண்டாவதுக்குத் தமிழ்ல சொல் இருக்கா? இருக்கு, ஜவுளிக்கடை விளம்பரத்துக்குக் கொடுத்துட்டோம். "கண்ணைப் பறிக்கும்" வண்ணங்கள்! மின்னல் கண்ணைப் பறிக்குதுன்னு சொல்றப்போ அது பாராட்டு இல்லை, பார்வையைப் பிடுங்கிட்டுப் போகுதுன்னு அர்த்தம். இங்க எழுவாயும் மாறிடுது பாருங்க. கூசுறது கண், பறிக்கிறது வெளிச்சம். முதலாவது கண்கூச்சம், ரெண்டாவது கண்பறிப்பு என்று வச்சுக்கலாம் என்பது என் கட்சி. 2010-லிருந்து அண்ணா பல்கலைக்கழகத்தில சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில இருக்கு. அந்த மாணவர்கள் ரெண்டுக்கும் சேர்த்து 'கிளேர்'னு ஒரே சொல்லை எழுதிட்டுப் போக வேண்டியதில்லை.

ஏன் ரெண்டு சொல் வேணும்னா, ரெண்டும் எப்பவும் சேர்ந்தே வராது. கண் கூசாமலே பறிபோகலாம். "எனக்கு ஒண்ணும் கூசலையே"ன்னு சொல்லிக்கிட்டே ஒருத்தர் ரோட்டோரத்தில நிக்கிற மாட்டைப் பார்க்காமப் போகலாம். வயசாக ஆகக் கண்ணுக்குள்ள ஒளி சிதறுறது கூடும், அதனால அதே ஹைபீம் நம்மளை விட நம்ம அப்பாக்களை அதிகமாப் பறிக்கும். எதிரே வண்டி வந்தா லைட்டை டிம் பண்ணுங்க மக்களே.

உங்க ஊர்ல கண் கூசுறதுக்கு வேற சொல் இருந்தா எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல சேர்த்துக்கலாம்.